பட்டாளத்துச் ‘சோஷலிசம்’: பர்மா தரும் பாடம்

“நம் நாட்டுக்கு ஒரு மிலிட்டரி ஆட்சி வந்தால்தான் சரிப்படும்!”

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, ஷிப்டு முடிந்து டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் தொழிலாளி இந்தப் பேச்சை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறான். விலை ஏறினால் இந்தப் பேச்சு. ஆபீசில் லஞ்சம் கேட்டால் இந்தப் பேச்சு. சட்டசபையில் கூச்சல் என்று செய்தி வந்தால் இந்தப் பேச்சு. சொல்பவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல, அலுத்துப் போனவர்கள். அலுத்துப் போனவன் காதில் ஓதுவதற்கென்றே வேறு சிலர் இருக்கிறார்கள். “கையில் துப்பாக்கி, வாயில் தேசபக்தி, இப்படி ஒரு ஆள் வரட்டும், ஆறே மாதத்தில் நாடு திருந்திவிடும்” என்று அவர்கள் ஓதுகிறார்கள்.

இவர்களுக்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மிலிட்டரி ஆட்சி என்றால் என்ன என்று அனுபவித்து அறிந்த குடும்பங்கள் நம் வடசென்னையிலேயே இருக்கின்றன. எண்ணூர் பர்மா நகரில் இருக்கின்றன. வியாசர்பாடியில் இருக்கின்றன. பர்மா பஜாரில் கடை போட்டிருக்கின்றன. 1960களில் ரங்கூனில் கப்பலேறி, சென்னைத் துறைமுகத்தில் வெறுங்கையோடு இறங்கியவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் அவர்கள். தமிழ்நாட்டுக்கு இப்படி வந்தவர்கள் என்று சர்க்கார் பதிவு செய்தது மட்டும் சுமார் 1,44,000 பேர். பீச் ரயிலடி பக்கம் போகிறவர்கள் அத்தோ வாங்கி ருசித்துச் சாப்பிடுகிறோம். அந்த அத்தோ ஏன் இந்த ஊருக்கு வந்தது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அவசியம் கேட்க வேண்டும். ஏனென்றால், அவர்களை விரட்டிய ஜெனரல் நே வின் தன்னைச் சர்வாதிகாரி என்று சொல்லிக்கொள்ளவில்லை. தன் ஆட்சிக்குப் ‘புரட்சிக் கவுன்சில்’ என்று பெயர் வைத்தார். தன் கொள்கைக்குச் ‘சோஷலிசத்துக்குப் பர்மிய வழி’ என்று பெயர் வைத்தார். கொள்ளைக்காரன் கொள்ளைக்காரன் என்று எழுதிக்கொண்டா வருவான்?

அந்தப் பெயரை வைத்து இன்றும் மூன்று சரக்குகள் விற்பனையாகின்றன. முதல் சரக்கு: பட்டாளத்தான் வந்தால் ஒழுங்கு வரும். இரண்டாவது: நே வின் செய்ததுதான் சோஷலிசம், செங்கொடிக்காரன் வந்தாலும் உன் பெட்டிக்கடை போய்விடும். மூன்றாவது: அந்நியனை விரட்டினான், அதில் என்ன தப்பு? நாமும் வடக்கத்தியானை விரட்டினால் நமக்கு வேலை கிடைக்கும். மூன்றும் போலிச் சரக்கு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

வானத்திலிருந்து குதிக்கவில்லை

ஜெனரல்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. மக்கள் தொடங்கிய புரட்சி பாதியில் நிற்கும்போது, அந்த இடைவெளியில்தான் அவர்கள் முளைக்கிறார்கள்.

பர்மிய மக்களின் புரட்சி சாதாரணப் புரட்சியா? 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் ஈட்டியும் கத்தியுமாக வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்தார்கள். 1931ல் சாயா சானைத் தூக்கிலிட்டார்கள். 1938ல் ஏனாஞ்சாங், சாவ்க் எண்ணெய்க் கிணறுகளின் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பர்மா ஆயில் கம்பெனி பணியவில்லை. தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்து ரங்கூனுக்கு வந்தார்கள். மாணவர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். 1939ல் பர்மா கம்யூனிஸ்ட் கட்சி உருவானது. அதன் முதல் பொதுச் செயலாளர் யார்? பின்னாளில் தேசத் தந்தை என்று போற்றப்பட்ட ஆங் சான்தான்! அந்தக் கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான கோஷல் வங்காளி வம்சத்தவர். அன்று பர்மியத் தொழிலாளி, இந்தியத் தொழிலாளி என்று அந்த இயக்கம் பிரித்துப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரனை விரட்ட ஆயுதம் தேடி ஆங் சானும் தோழர்களும் ஜப்பானியரிடம் போனார்கள். 1941ல் ஹைனான் தீவில் முப்பது இளைஞர்கள் பயிற்சி பெற்றார்கள். ‘முப்பது தோழர்கள்’ என்று சரித்திரம் அவர்களை அழைக்கிறது. அவர்களில் ஒருவர் ஷூ மாங் என்ற முன்னாள் தபால் குமாஸ்தா. இயக்கத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் நே வின். ஜப்பானியனும் எஜமானன்தான் என்று தெரிந்ததும், 1945 மார்ச் 27 அன்று பர்மியப் படை ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது. அந்தப் படை அன்று மக்களின் படைதான். அதில் விவசாயியின் மகன் இருந்தான், கம்யூனிஸ்டும் இருந்தான்.

பிறகு நடந்தது என்ன? 1946 இறுதியில், தேசிய முன்னணியிலிருந்து கம்யூனிஸ்டுகள் வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு முன்பே கம்யூனிஸ்டுகள் தங்களுக்குள் இரண்டாகப் பிளந்திருந்தார்கள். 1947 ஜூலை 19 அன்று மந்திரிசபைக் கூட்டத்திலேயே ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4ல் சுதந்திரம் வந்தது. மூன்றே மாதத்தில் கம்யூனிஸ்டுகளுக்கும் சர்க்காருக்கும் யுத்தம் மூண்டது. 1949 தொடக்கத்தில் கரேன் இன மக்களோடு யுத்தம். படைத்தலைவர் கரேன் இனத்தவர் என்பதால் நீக்கப்பட்டார். 1949 பிப்ரவரியில் அந்த நாற்காலியில் நே வின் உட்கார்ந்தார்.

நிலம் என்ன ஆயிற்று? நிலத்தைத் தேசவுடைமையாக்கும் சட்டம் 1948லேயே எழுதப்பட்டது. உழுபவன் கைக்கு வந்ததோ அதில் ஒரு சிறு பகுதி. ஷான், கரேன், கச்சின் மக்களுக்கு ஆங் சான் கொடுத்த சமத்துவ வாக்குறுதி காகிதத்தில் தூங்கியது. நிலம் கிடைக்காத விவசாயியும், உரிமை கிடைக்காத இனங்களும், ஒன்றையொன்று கடித்த கட்சிகளும் ஒரு பக்கம். வருஷத்துக்கு வருஷம் ஆளும் ஆயுதமும் பெருகிய பட்டாளம் மறு பக்கம். தராசு எந்தப் பக்கம் தாழும் என்று சொல்ல ஜோசியன் வேண்டுமா?

இது பர்மாவுக்கு மட்டும் உரிய கதையன்று. பிரெஞ்சுப் புரட்சி மன்னனின் தலையை வாங்கியது. ஆனால் பத்து வருஷத்தில் பாரிஸ் முதலாளிகளுக்கு ஏழைகள் மீது பயம் வந்துவிட்டது. 1799 நவம்பர் 9 அன்று ஜெனரல் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தான். அவனும் புரட்சியின் பிள்ளை என்றுதான் சொன்னான். 1802ல் காலனிகளில் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தான். 1803ல் ஒவ்வொரு தொழிலாளியும் போலீஸ் பார்வையிடும் பதிவுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டான். 1804ல் சக்ரவர்த்தியாகவே முடி சூட்டிக்கொண்டான். அவனுடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை லூயி போனபார்ட் 1851ல் அதே வித்தையைத் திரும்பக் காட்டியபோது, மார்க்ஸ் அந்த ஆளின் சாமர்த்தியத்தைப் பார்த்து அசந்து போகவில்லை. வர்க்கங்கள் ஒன்றையொன்று வெல்ல முடியாமல் நின்ற நிலைமையைப் பார்த்தார். ஒரு அற்பனுக்கும் அந்த நிலைமை வீரன் வேஷம் கட்டிவிடும் என்று விளக்கினார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரங்கூனைப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

‘ஒழுங்கு’ வந்த கதை

முதல் சரக்குக்கு வருவோம். பட்டாளத்தான் வந்தால் ஒழுங்கு வருமாம்!

1951ல் பர்மியப் பட்டாளம் ‘பாதுகாப்புப் படை இன்ஸ்டிட்யூட்’ என்று ஒன்றைத் தொடங்கியது. சிப்பாய்களுக்கு மலிவு விலையில் சாமான் விற்கும் கேண்டீன் கடை, அவ்வளவுதான். பத்தே வருஷத்தில் அந்தக் கேண்டீன் பாங்கு நடத்தியது; கப்பல் விட்டது; ஓட்டல் நடத்தியது; நாட்டின் மிகப் பெரிய வியாபார ஸ்தாபனமாக வளர்ந்து நின்றது. காவல்காரன் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டான். கல்லாவில் உட்கார்ந்தவன் தானாக எழுந்து போவானா?

1958ல் ஆளும் கட்சி இரண்டாக உடைந்தது. பிரதமர் ஊ நூ, ‘தேர்தல் வரை பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அதிகாரத்தை நே வினிடம் கொடுத்தார். 1958 அக்டோபர் இறுதியில் இது நடந்தது. அதே வாரத்தில் பாகிஸ்தானில் ஜெனரல் அயூப் கான் முழு அதிகாரத்தைக் கைப்பற்றினார் என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பதினெட்டு மாத இடைக்கால ஆட்சி. ரங்கூன் தெருக்கள் பெருக்கப்பட்டன. விலை குறைக்கப்பட்டதாகத் தம்பட்டம் அடித்தார்கள். நகரத்தின் குடிசைகள் பெயர்த்தெறியப்பட்டன. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஏழைகள் லாரிகளில் ஏற்றப்பட்டு, ஊருக்கு வெளியே ஒக்கலப்பா, தக்கேட்டா என்ற புதுப் பேட்டைகளில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். மத்தியதர வர்க்கம் கை தட்டியது. ‘ஆகா, என்ன சுத்தம், என்ன சுறுசுறுப்பு!’ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் பாராட்டின. எந்தக் குடிசைக்காரனிடமாவது யாராவது கருத்துக் கேட்டார்களா? வடசென்னையில் கூவம் கரையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டு ஊர்க்கோடியில் வீசப்பட்ட குடும்பங்களுக்கு இந்தச் ‘சுத்தம்’ யாருக்காக என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

1960ல் தேர்தல் நடந்தது. பட்டாளம் விரும்பாத ஊ நூதான் பெருவாரியாக ஜெயித்தார். மக்கள் தீர்ப்பு அது. இரண்டு வருஷம் பட்டாளம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. 1962 மார்ச் 2 அதிகாலையில் டாங்கிகள் ரங்கூனுக்குள் வந்தன. பிரதமர், மந்திரிகள், பிரதம நீதிபதி, ஷான் தலைவர்கள் எல்லோரும் கைது. முதல் ஜனாதிபதி சாவ் ஷ்வே தாய்க்கின் இளம் மகன் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். தந்தை அதே வருஷம் சிறையில் செத்தார். பார்லிமெண்ட் கலைப்பு, அரசியல் சட்டம் ரத்து. பதினேழு அதிகாரிகள் கொண்ட கவுன்சில் நாட்டை ஆளும் என்றார்கள்.

நான்கு மாதம் ஆயிற்று. ஹாஸ்டல் கட்டுப்பாடுகளை எதிர்த்து ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் கிளர்ந்தார்கள். 1962 ஜூலை 7 அன்று பட்டாளம் அவர்களைச் சுட்டது. பதினைந்து, பதினாறு பேர் என்றது சர்க்கார். நூற்றைத் தாண்டும் என்றார்கள் மாணவர்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது எந்தக் கட்டடம்? வெள்ளைக்காரனை எதிர்த்து ஆங் சான் மாணவர் தலைவராக நின்று முழங்கிய கட்டடம்! வெள்ளைக்காரனே இடிக்காததைப் ‘புரட்சிக் கவுன்சில்’ இடித்தது. இதுதான் அவர்கள் கொண்டுவந்த ஒழுங்கு. சுடுகாட்டில்கூடத்தான் ஒழுங்கு இருக்கிறது. யாரும் சத்தம் போடுவதில்லை.

இதுவா சோஷலிசம்?

இரண்டாவது சரக்கு இதைவிட விஷமானது. ஏனென்றால் இதில் பாதி உண்மை கலந்திருக்கிறது.

நே வின் 1963 பிப்ரவரியில் பாங்குகளைத் தேசவுடைமையாக்கினார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை எடுத்துக்கொண்டார். வாசலில் பெயர்ப் பலகை மாறியது: மக்கள் கடை, இத்தனாம் நம்பர். 1965ல் குத்தகைப் பாட்டத்தை ரத்து செய்தார். இவற்றைப் பார்த்துவிட்டு இடதுசாரிகளிலேயே சிலர் மயங்கினார்கள். ஊ பா நியேன் போன்ற பழைய இடதுசாரிகள் அவருக்குப் பொருளாதார ஆலோசகராகவும் போனார்கள். ‘துப்பாக்கியைப் பார்க்காதே, திட்டத்தைப் பார்’ என்பது அவர்கள் வாதம்.

நாம் கேட்கிறோம்: எடுத்ததெல்லாம் யார் கைக்குப் போயிற்று? தொழிலாளியின் கைக்கா? மில்லுக்கு ஒரு மேஜர், கடைக்கு ஒரு காப்டன், ஆபீசுக்கு ஒரு கர்னல் என்று பட்டாளத்தார் அமர்ந்தார்கள். 1964 மார்ச்சில் எல்லாக் கட்சிகளையும் தடை செய்தார்கள். பட்டாளம் உண்டாக்கிய கட்சி ஒன்றே மிச்சம். தொழிற்சங்கங்களைக் கலைத்தார்கள், மேலிருந்து உத்தரவு போட்டு அமைத்த ‘தொழிலாளர் கவுன்சில்’ அந்த இடத்துக்கு வந்தது. 1963ல் கம்யூனிஸ்டுகளைச் சமாதானப் பேச்சுக்கு அழைத்தார்கள். நவம்பரில் பேச்சை முறித்துக்கொண்டு, சட்டபூர்வமாக வெளியில் வேலை செய்த இடதுசாரிகளையே நூற்றுக்கணக்கில் சிறையில் தள்ளினார்கள். தொழிலாளி வாய் திறக்க முடியாத நாட்டில் என்ன சோஷலிசம்? எஜமானன் மாறினான், நுகம் மாறவில்லை.

பாட்டம் போயிற்றே என்பார்கள். போயிற்று. ஆனால் விளைந்த நெல்லை சர்க்கார் சொன்ன விலைக்கு சர்க்காருக்கே அளந்துவிட வேண்டும். யுத்தத்துக்கு முன் ஆண்டுக்கு 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து, நம் வங்காளத்துக்கும் சென்னைக்கும் சோறு போட்ட நாடு அது. 1967ல் அந்த நாட்டு மக்களே அரிசிக்கு அலைந்தார்கள். அந்த ஆகஸ்டில் அரக்கான் பிரதேசத்தில், சிட்வே நகரில், அரிசி கேட்டவர்களைப் பட்டாளம் சுட்டது.

1974ல் தொழிலாளர்கள் பொறுமை இழந்தார்கள். எண்ணெய்க் கிணறுகளில் தொடங்கிய வேலை நிறுத்தம் ரங்கூனுக்குப் பரவியது. கேட்டது என்ன? அரிசியும் கூலியும். ஜூன் மாதம் தமாயிங் பஞ்சாலையிலும் சிம்மலாய்க் கப்பல் பட்டறையிலும் ‘சோஷலிச’ சர்க்காரின் துருப்புகள் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றன. பஞ்சாலைத் தொழிலாளியையும் கப்பல் பட்டறைத் தொழிலாளியையும் சுட்டுவிட்டு, சிவப்புச் சாயம் பூசிக்கொண்டால் அது செங்கொடி ஆகிவிடுமா?

ஒரு பட்டாளத்துக்காரன் புரட்சியில் இருப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. வியட்நாமில் வோ நிகுயென் கியாப் இருந்தார். 1954ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுக்காரனை மண்ணைக் கவ்வ வைத்த தளபதி அவர். அவர் டாங்கியோடு ஹனாய்க்குள் புகுந்து ஆட்சியைப் பிடிக்கவில்லை. ஏன்? அங்கே பட்டாளம் இயக்கத்துக்குக் கட்டுப்பட்டது. நிலச் சீர்திருத்தம் கிராமத்துக்குப் போயிருந்தது. உழவனும் தொழிலாளியும் ஸ்தாபனமாகத் திரண்டிருந்தார்கள். பர்மாவிலோ, இயக்கங்கள் சிதறிய இடத்தைத் துப்பாக்கி நிரப்பியது. தொழிலாளியின் சொந்த ஸ்தாபனம் நிற்கிறதா, வேலை நிறுத்த உரிமை இருக்கிறதா, ஆட்சியைக் கேள்வி கேட்டவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறானா? உரைகல் இதுதான். இதில் உரசிப் பார்த்தால் நே வின் பித்தளை.

ரங்கூன் துறைமுகத்தில் நடந்தது

மூன்றாவது சரக்கு நம் துறைமுகத் தொழிலாளியின் மூக்குக்கு நேரே விற்கப்படுவது. அந்நியனை விரட்டினால் வேலை வரும்!

பர்மியனுக்கு இந்தியன் மேல் ஏன் கோபம் வந்தது? வெளிப்படையாகவே பேசுவோம். நம் பக்கத்து லேவாதேவிக்காரர்கள் செய்ததை மூடி மறைக்க வேண்டியதில்லை. 1930 வாக்கில் பர்மாவில் செட்டியார்களின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. உலக நெருக்கடி வந்து நெல் விலை விழுந்தது. கடனை அடைக்க முடியாத விவசாயியின் நிலம் ஏலத்துக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1938ல் நூற்றுக்கு 25! அவர்களுக்கு மேலே பாங்கு, எண்ணெய், கப்பல், தேக்கு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகள் உட்கார்ந்திருந்தன. இந்தச் சுரண்டலை எதிர்த்த பர்மிய விவசாயியின் கோபம் நூற்றுக்கு நூறு நியாயமானது.

ஆனால் அந்தக் கோபம் யார் தலையில் விழுந்தது?

1930 மே மாதம். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்குத் தொழிலாளர்கள். மேஸ்திரி கடன் கொடுத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள். மேஸ்திரிக்கே கூலியில் பங்கு அழுதவர்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனிகள் என்ன செய்தன? வேலையில்லாமல் தவித்த பர்மியத் தொழிலாளர்களைக் கூப்பிட்டுக் கப்பலில் ஏற்றின. வேலை நிறுத்தம் உடைந்துவிடும் என்று பார்த்தன. பிறகு பழைய தொழிலாளர்களோடு ஒரு உடன்பாடு செய்துகொண்டு, பர்மியர்களைப் பார்த்து ‘போ வெளியே’ என்றன. மே 26 காலை இரண்டு கூட்டமும் துறைமுக வாசலில் நேருக்கு நேர் நின்றன. கைகலப்பு கலவரமாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் இந்தியக் கூலிகள்.

செத்தவர்களில் எத்தனை பேர் லேவாதேவிக்காரர்கள்? எத்தனை பேர் கப்பல் கம்பெனி முதலாளிகள்? கேட்கவே வேண்டாம். அரிவாளை எடுத்தவனும் கூலி, அறுபட்டவனும் கூலி. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை.

முப்பது வருஷம் கழித்து நே வின் ஊதியது இந்தப் பழைய நெருப்பைத்தான். விவசாயிக்குக் கொடுக்கச் சோறில்லை. கொடுக்க ஜனநாயகம் இல்லை. காட்ட ஒரு எதிரி இருந்தான். 1964ல் கடைகள் போயின. மே மாதத்தில் 50, 100 நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெரிய புள்ளிகளில் பலர் யுத்த காலத்திலேயே, அல்லது சுதந்திரத்தை ஒட்டியே, தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள். மாட்டிக்கொண்டது யார்? பெட்டிக்கடைக்காரன், பால்காரன், தையல்காரன், ரயில்வேத் தொழிலாளி, துறைமுகக் கூலி, வயல் கூலி. அங்கேயே பிறந்து, பர்மிய மொழி பேசி, சொந்த ஊர் என்று வேறொன்றை அறியாதவர்கள். சேமிப்பைக் கொண்டுபோகாதே, நகையைக் கொண்டுபோகாதே என்று சுங்கச் சாவடியில் உருவிக்கொண்டு கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பல்களில் ஒரு பகுதிதான் இன்றைய நம் எண்ணூர், நம் வியாசர்பாடி.

சரி, அந்நியன் போனான். பர்மியனுக்கு வேலை வந்ததா? விலை இறங்கியதா? மேலே சொன்னோமே, மூன்றே வருஷத்தில் அரிசிப் பஞ்சம் வந்தது. காட்டுவதற்கு இந்தியன் இல்லை. 1967 ஜூனில் சீனர்கள் மீது கலவரம் மூண்டது. 2017ல் ரோஹிங்கியாக்கள்; 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் எங்கே வந்தது தெரியுமா? ஆங் சானின் மகள் சூ கீ 2019 டிசம்பரில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், இன அழிப்புக் குற்றச்சாட்டுக்கு எதிராக வாதாடினார். அந்தப் பட்டாளம் அவருக்குக் காட்டிய நன்றி என்ன? 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைக் கவிழ்த்து அவரைச் சிறையில் அடைத்தது. அடுத்த வீட்டுக்காரனைப் பட்டாளம் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டவன் வீட்டுக் கதவையும் அது ஒரு நாள் தட்டத்தான் செய்கிறது.

ஆள் போனாலும் ஏற்பாடு போகவில்லை

1972ல் நே வின் ராணுவ உடையைக் கழற்றினார். 1974ல் புது அரசியல் சட்டம், புது ஜனாதிபதி. ஆள் அதே ஆள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 நோட்டுகள் ஒரே நாளில் செல்லாது என்றார்கள். ஈடு ஒரு காசு கிடையாது. பிறகு 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகளை அடித்தார்கள். விஞ்ஞான சோஷலிசம் பேசியவரின் பொருளாதாரம் இப்படி எண் ஜோசியத்தில் போய் முடிந்தது! அதே வருஷம் டிசம்பரில், ஒரு காலத்தில் ஆசியாவின் நெற்களஞ்சியமாக இருந்த நாட்டை ஐக்கிய நாடுகள் சபை உலகின் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

1988 ஜூலையில் அவர் பதவி விலகினார். விலகும்போதும், பட்டாளம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார். ஆகஸ்ட் 8 அன்று நாடே தெருவில் இறங்கியது. துறைமுகத் தொழிலாளி வேலையை நிறுத்தினான். மாணவன் வந்தான், பிக்கு வந்தார். செப்டம்பர் 18ல் பட்டாளம் திரும்பவும் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்தது. நே வின் 2002ல் செத்தார். அவர் கட்டிய ஏற்பாடு சாகவில்லை. 2021ல் அது திரும்ப எழுந்தபோது முதலில் எதிர்த்து நின்றவர்கள் யார்? டாக்டர்கள், ஆசிரியர்கள், ரயில்வேத் தொழிலாளர்கள், ரங்கூன் தையல் ஆலைகளின் இளம் பெண்கள். மார்ச் 14 அன்று லாயிங் தாயா தொழிற்பேட்டையில் பட்டாளம் அவர்கள் தெருக்களிலேயே சுட்டது. தொழிற்சங்கங்கள் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டன. 1962க்கும் 2021க்கும் இடையே பட்டாளம் எதையும் மறக்கவில்லை. யாரை முதலில் அடக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

நமது வேலை

இந்தியாவில் பட்டாளம் ஆட்சிக்கு வந்துவிடும் என்று பூச்சாண்டி காட்டுவது நம் நோக்கமன்று. நாளைக்கு டாங்கி வராது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் டாங்கிக்கு வழி விடும் மனநிலை இன்றைக்கே தயாராகிறது. அது டீக்கடையில் மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்ற பெருமூச்சில் இருக்கிறது. அதைவிட அதிகமாக, தொழிற்சாலை வாசலில் இருக்கிறது.

எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி பக்கம் இன்று காண்டிராக்ட் வேலைக்கு வருகிறவர்கள் யார்? ஒரிசாக்காரன், பீகார்க்காரன், ஜார்க்கண்ட்காரன். தகரக் கொட்டகையில் பத்துப் பேர் படுத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்து, கூலியில் காண்டிராக்டருக்குப் பங்கு அழுகிறான். நம் பையன் வேலை இல்லாமல் வாசலில் நிற்கிறான். காண்டிராக்டர் நம் பையனிடம் ‘அவன் குறைந்த கூலிக்கு வருகிறான்’ என்கிறான். அவனிடம் ‘லோக்கல்காரன் உன்னை அடிப்பான், வாயை மூடிக்கொண்டு வேலை பார்’ என்கிறான். ரங்கூன் மேஸ்திரி செத்துவிட்டான் என்று யார் சொன்னது? பெயரை மாற்றிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் உலாவுகிறான்!

நம் தாத்தன் ரங்கூனில் எந்த இடத்தில் நின்றானோ, அந்த இடத்தில் இன்று பீகாரி நிற்கிறான். அன்று பர்மியத் தொழிலாளி நின்ற இடத்தில் நாம் நிற்கிறோம். அவன் தேர்ந்தெடுத்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்துவிட்டோம். கூலியை அடித்தான், கம்பெனி தப்பித்தது, கடைசியில் பட்டாளம் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

ஆகவே, பிற மாநிலத் தொழிலாளியைச் சங்கத்தில் சேர்ப்பது தர்ம காரியமன்று. நம் கூலியைக் காப்பாற்றும் காரியம். நோட்டீசை இந்தியிலும் ஒரியாவிலும் அச்சடிப்போம். அவன் கொட்டகைக்குப் போய்ப் பேசுவோம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கோரிக்கையை இரண்டு பேர் வாயாலும் ஒரே வாசலில் முழங்குவோம். குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்காத அன்று காண்டிராக்டரின் வித்தை முடிந்தது.

மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்று பெருமூச்சு விடும் தோழனைத் திட்டாதீர்கள். பர்மா நகருக்கு அழைத்துப் போங்கள். அங்கே வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்: முதல் வருஷம் தெரு சுத்தமாக இருந்தது, இரண்டாம் வருஷம் சங்கம் போயிற்று, மூன்றாம் வருஷம் கப்பலேறினோம்.